கடைசி வரிசை வரை

செப்டம்பர் 3

நாட்குறிப்பு எழுதச் சொல்லி உத்தரவு. மொழி வகுப்பில் தினம் ஐந்து வரி கொரியனில் எழுதிக் காட்ட வேண்டுமாம். காட்டினேன். "இன்று வெயில். நான் சோறு சாப்பிட்டேன். சோறு நன்றாக இருந்தது." ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட இதைவிட நன்றாகப் புளுகும். எனக்கு இருக்கிற வாய்க்கு ஐந்து வரி எந்த மூலைக்குக் காணும்? மிச்சத்தை எல்லாம் இங்கே தமிழில் கொட்டப் போகிறேன்.

புளியங்குடி முப்பிடாதி, அதாவது நான், இப்போது தென்கொரியாவில், ஜொன்ஜு என்கிற ஊரில். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, கொரியாவின் பழைய கலை, மொழி, இலக்கியம் மூன்றையும் ஒரே பருவத்தில் ஊட்டிவிடுகிறார்கள். எங்கெங்கிருந்தோ வந்திருக்கிறோம். என் அறையில் ஓயுனா என்று ஒரு மங்கோலியப் பெண். என்னைவிடச் சின்னவள், அதனால் என்னை 'ஒன்னி' என்கிறாள். ஒன்னி என்றால் அக்கா. வயதைக் கேட்டுக்கொள்ளாமல் இந்த ஊரில் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அந்த விஷயத்தில் நம் ஊர் மாதிரியேதான்.

எல்லாரும் கொரியனிலோ அரைகுறை ஆங்கிலத்திலோதான் பேசுகிறோம். நான் இங்கே எல்லாரையும் தமிழ் பேச வைத்துவிடுவேன். யாரும் கோபிக்கப் போவதில்லை.

செப்டம்பர் 5

விடுதிச் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். "மூன்றாவது மாடியில் தொலைபேசியில் உரக்கப் பேசுபவர் அருள்கூர்ந்து அமைதி காக்கவும்." யாரடா அது என்று பார்த்தால் நான்தான். அன்றைக்கு நான் அம்மாவிடம் ரகசியம் பேசிக்கொண்டிருந்தேன்!

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நான் சொன்னேம்லா? மெல்லப் பேசு மெல்லப் பேசுன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். தவள தன் வாயாலதாம்ட்டி கெடும்" என்றாள்.

போன தை மாதம் வாசுதேவநல்லூரில் இருந்து பெண் பார்க்க வந்தார்கள். "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று முதல் அம்மாவுக்கு இந்தத் தவளைதான் மந்திரம். எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. மாப்பிள்ளைக்குக் காது ரொம்பப் பெரிசு, அவ்வளவுதான் விஷயம். அவர் நீலச் சட்டை போட்டிருந்தார். மூன்றாவது பொத்தான் மட்டும் பிறகு தைத்தது, நூல் நிறம் வேறு.

இனிமேல் போனைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு பேசலாம் என்று இருக்கிறேன்.

செப்டம்பர் 10

பெக் சார் இன்று மரியாதை வகுப்பு எடுத்தார். இந்தப் படிப்புக்கே பொறுப்பாளர் அவர்தான். மெலிந்த ஆள், கழுத்து வரை பொத்தான். எதையும் இரண்டு கையால் வாங்கு. பெரியவர் கரண்டியைத் தொடும்வரை நீ தொடாதே. பஸ்ஸில் பேசாதே. பெரியவர்கள் முன்னால் குரலை உயர்த்தாதே. நாற்பது பேரும் மாய்ந்து மாய்ந்து எழுதிக்கொண்டோம். நான் கடைசி விதிக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

மதியம் தூரிகை எழுத்து. என் வெள்ளைக் குர்தாவில் மை கொட்டிவிட்டது.

செப்டம்பர் 17

இன்றைக்கு மட்டும் பத்துப் பக்கம் எழுதலாம்.

பான்சொரி வகுப்பு தொடங்கியது. பான்சொரி என்றால் கதையைப் பாட்டாகச் சொல்வது. விரித்த பாய் மேல் ஒரே ஒரு பாடகி, கையில் ஒரு விசிறி. பக்கத்தில் ஒருவர் மேளத்தோடு உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான் மொத்தக் கச்சேரியும். இதை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அழவும் சிரிக்கவும் வைத்துவிடுவார்களாம்.

டீச்சர் பெயர் போரம். என்னைவிட மூன்று வயதுதான் கூட. வேலைக்கு வந்து இதுதான் முதல் பருவம், எங்களைவிட அவளுக்குத்தான் பயம். ஆனால் வாயைத் திறந்தாளே பார்க்கணும்! அம்மாடி! கரகரவென்று, தொண்டையைக் கிழித்துக்கொண்டு வருகிற குரல். இவ்வளவு ஒல்லி உடம்புக்குள் இந்தக் குரலை எங்கே மடித்து வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை.

"தொண்டையில இருந்து பாடாதீங்க. வயித்துல இருந்து சத்தம் வரணும். ஒவ்வொருத்தரா கத்துங்க பாப்போம்" என்றாள். எல்லாரும் பூனைக்குட்டி மாதிரி கத்தினார்கள். என் முறை வந்தது. நான் கொஞ்சமாகத்தான் கத்தினேன். ஜன்னல் அதிர்ந்தது.

போரம் டீச்சர் கை தட்டிச் சிரித்தாள். "இந்தச் சத்தத்தை இத்தனை நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? நல்ல சத்தம்! ரொம்ப நல்ல சத்தம்!"

நல்ல சத்தமாம். மறுபடியும் எழுதிப் பார்க்கிறேன். நல்ல சத்தம்.

நாங்கள் கற்கப் போவது அவளே பழைய பாணியில் கட்டிய ஒரு சின்னக் கதை. உப்பு விற்கிற ஒருத்தி மலையேறிப் போகும்போது மழை வந்து அவள் உப்பை எல்லாம் கரைத்துவிடுகிறது. அவள் நடுவழியில் நின்று மழையைத் திட்டுகிறாள், திட்டுகிறாள், அப்படித் திட்டுகிறாள். டிசம்பரில் ஊர் மக்கள் முன்னால் நிறைவு விழா. அன்றைக்கு இந்த உப்புக்காரியைப் பாடப் போவது யார் என்று நான் முடிவு செய்துவிட்டேன். வேறு யாருக்கும் இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 28

துணி துவைத்தேன். குர்தா இப்போது மொத்தமாகச் சாம்பல் நிறம். இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 7

கை ஓடவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

இன்று போரம் டீச்சரின் அரங்கேற்றம் மாதிரி. நகரத்தில் இருந்து விருந்தினர்கள் வந்திருந்தார்கள், கச்சேரி கேட்டுவிட்டு நிறைவு விழாவில் எது எது இருக்கலாம் என்று பெக் சாருக்குச் சொல்ல. நாங்கள் நாற்பது பேரும் முழங்கால் மேல் கை வைத்து, முதுகை நிமிர்த்தி, சிலை மாதிரி உட்கார்ந்தோம். ஒருத்தர் இருமவில்லை. விருந்தினர்களும் வெளிநாட்டுப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று எங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்கள். மேளக்காரர் மட்டும் அவ்வப்போது ஏதோ குரல் கொடுத்தார்.

பாதி வரைக்கும் அவள் நன்றாகத்தான் பாடினாள். ஒரு இடத்தில் என் நெஞ்சுக்குள் இருந்து ஒரு சத்தம் கிளம்பி மேலே வந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு அதை விழுங்கினேன். சுவர் அறிவிப்பு, பெக் சாரின் விதி, அம்மாவின் தவளை, எல்லாம் சேர்ந்து என் வாயைப் பொத்தின.

அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தது. எங்களைப் பார்த்தாள். நாங்கள் இன்னும் மரியாதையாக உட்கார்ந்தோம். மழை வருகிற இடத்துக்கு முன்னாலேயே நிறுத்தி, வணங்கிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். நாங்கள் ரொம்ப நாகரிகமாக, சத்தம் வராமல் கை தட்டினோம்.

அப்புறம் கழிவறையில் அவளைப் பார்த்தேன். கண்ணில் சோப்பு பட்டுவிட்டது என்றாள். அங்கே சோப்பு தீர்ந்து மூன்று நாளாகிறது.

அக்டோபர் 9

இன்று விடுமுறை. எழுத்துக்கென்று ஒரு நாள் கொண்டாடி லீவு விடுகிற நாடு இது. நான் புளிச்சோறு கிளறி எடுத்துக்கொண்டு போரம் டீச்சரின் பயிற்சி அறைக்குப் போனேன். மேளத்தைத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், நாங்க என்ன தப்பு செஞ்சோம்? ஒரு இருமல்கூட இருமலையே!"

"அதான் தப்பு" என்றாள்.

பிறகு உட்காரவைத்துச் சொன்னாள். பான்சொரியில் பாதிப் பாட்டு கேட்கிறவர்கள் வாயில் இருந்து வரவேண்டும். நல்ல இடம் வந்தால் "ஒல்சிகூ!" என்று குரல் விட வேண்டும். "ஜால்ஹன்தா!" என்றால் பிரமாதம், விடாதே என்று அர்த்தம். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் பாடுகிறவர் அடுத்த வரிக்கு ஏறுவார். கூட்டம் வாய் மூடி உட்கார்ந்தால் 'போதும், இறங்கு' என்று சொல்வதாக அர்த்தம்.

"எல்லாரும் சேர்ந்து என்னை இறங்கச் சொன்னீங்க. நான் இறங்கிட்டேன்" என்றாள் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு நடக்கும். கதை சொல்கிறவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் "ஆமா!" என்பார். அந்த "ஆமா" இல்லை என்றால் கதை அடுத்த அடி எடுத்து வைக்காது. இது எனக்குத் தெரியும். நாற்பது பேரில் எனக்கு மட்டும் தெரியும். என் வாய் வரைக்கும் வந்தது. கூறுகெட்ட கழுதை, துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்!

புளிச்சோறு அவளுக்குப் பிடித்திருந்தது. உறைப்பு போதாது என்றாள்.

அக்டோபர் 13

நிறைவு விழா நிகழ்ச்சி நிரல் வந்துவிட்டது. பான்சொரி இல்லை. அந்த இடத்தில் ஹன்போக் என்கிற கொரியப் பாரம்பரிய உடை அணிவகுப்பு. அதாவது நாங்கள் எல்லாரும் வாடகைப் பட்டு உடையைச் சுற்றிக்கொண்டு மேடையில் இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் நடக்க வேண்டும். அதோடு போகவில்லை. விழாவில் இடம் பெறாத வகுப்பு அடுத்த வருடம் நடக்காதாம். போரம் டீச்சர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நேராக பெக் சாரின் அறைக்குப் போனேன்.

"அன்னைக்கு அந்தப் பொண்ணு மேடையில அவமானப்பட்டு நின்னதை நீங்களும் பார்த்தீங்க. ஊர் ஜனங்களுக்கு முன்னால இன்னொரு தடவை அவளை நிக்க வைக்கச் சொல்றீங்களா?" என்றார். அவர் மனதில் கெடுதல் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"சார், பாட்டு பிடிக்காம நாங்க சும்மா இருக்கல. நீங்க சும்மா இருக்கச் சொன்னீங்க, இருந்தோம். இப்போ சத்தம் போடச் சொல்லுங்க, போடுறோம். நாங்க செஞ்ச தப்புக்கு அவங்க எதுக்கு வீட்டுக்குப் போகணும்?"

"முப்பி, கொஞ்சம் மெதுவா..." என் முழுப் பெயர் இங்கே யார் வாயிலும் நுழையாது.

"மெதுவா இருந்ததாலதான் சார் இந்த வினையே!"

வெளியே தட்டச்சு சத்தம் நின்றுவிட்டது. எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள். எனக்குக் குரல் இறங்கவில்லை. அவர் பேனாவைத் திருகி மூடி வைத்தார்.

"உப்புக்காரி கதை மட்டும். மாணவர்களே பாடணும். ஒத்திகையை நான் பார்ப்பேன். அன்னைக்கு மாதிரி இருந்தா எடுத்துடுவேன்."

இரண்டு கையாலும் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். மரியாதை!

அக்டோபர் 20

பாடப் போவது ஓயுனா.

நான் மேளம்.

அக்டோபர் 21

என் சத்தம் பெரிசுதானாம், ஆனால் சுருதி அது பாட்டுக்கு அதன் வழியில் போகிறதாம். போரம் டீச்சர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அந்த அறை எதிரொலிக்கிறது, அதுதான் காரணம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அம்மா பக்கத்தில் இருந்தால் இதைத்தான் சொல்வாள். நல்ல வேளை, இல்லை.

பெக் சாரிடம் சண்டை போட்டு இடம் வாங்கியது யார்? பாடப் போவது யார்? ஓயுனா அறையில் இருக்கும்போது மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காது. அவளைப் போய் உப்புக்காரியாக! மேளம் தட்டவா நான் இவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்தேன்?

ஓயுனாவோடு சண்டை எல்லாம் இல்லை. பேசவில்லை, அவ்வளவுதான். அவள் "ஒன்னி, டீ போடவா?" என்று கேட்டாள். தலை வலிக்கிறது என்றேன்.

அக்டோபர் 30

உள்ளங்கை வீங்கிவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவினேன்.

நவம்பர் 4

மேளத்தின் பெயர் புக். இடது பக்கம் உள்ளங்கையால், வலது பக்கம் குச்சியால். பன்னிரண்டு அடி சேர்ந்தது ஒரு சுற்று. ஒன்பதாவது அடி மட்டும் மேளத்தின் மேல்கட்டையில், ணங்கென்று விழ வேண்டும். "அந்த அடியிலதான் பாடுறவங்களுக்கு உயிர் வரும்" என்கிறாள் போரம் டீச்சர்.

எனக்கு எட்டாவதிலேயே அவசரம் வந்துவிடுகிறது. "காத்திருங்க, முப்பி. அவ மூச்சைப் பாருங்க. உங்க கையைப் பாக்காதீங்க" என்று நூறு தடவை சொல்லிவிட்டாள்.

வேறு வழி இல்லாமல் ஓயுனாவின் மூச்சைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பேசாமல் இருக்கிற ஒருத்தியின் மூச்சை மணிக்கணக்கில் பார்ப்பது எவ்வளவு தர்மசங்கடம் என்று யாருக்காவது தெரியுமா? அவள் பயப்படும்போது தோள் தூக்கும். பெரிய வரி வருவதற்கு முன்னால் இடது கை விரல் மடங்கும். எனக்கு இதெல்லாம் தெரிய வேண்டும் என்று யார் அழுதார்கள்?

நவம்பர் 12

போரம் டீச்சர் இன்று ஒரு பழஞ்சொல் சொன்னாள். "முதல்ல மேளக்காரர், ரெண்டாவதுதான் பாடகர்னு இங்க சொல்வாங்க." என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். விடுதி வாசலில் காவல் இருக்கும் அண்ணாச்சியிடம் கேட்டுப் பார்த்தேன். "ஆமா, எல்லாருக்கும் தெரியுமே" என்று முடித்துவிட்டார்.

இலக்கிய வகுப்பில் மூன்று வரிக் கவிதை எழுதச் சொன்னார்கள். இங்கே அது பழைய வடிவம். மூன்றாவது வரி சட்டென்று வேறு பக்கம் திரும்ப வேண்டும். நான் எழுதியது:

உப்பு போயிற்றே என்று குந்தி அழுதாள் ஒருத்தி;
வானமும் அவளோடு சேர்ந்து ஓவென்று அழுதது;
அட போதுமடி, யாராவது ஒருத்தி மேளத்தை அடியுங்கள்.

வகுப்பே சிரித்தது. ஓயுனாவும் சிரித்தாள். நான் பார்க்காத மாதிரி பார்த்தேன்.

நவம்பர் 21

இன்று மலைபோல் முட்டைக்கோசு. குளிர்காலம் முழுவதற்கும் கிம்ச்சி போடுகிற நாளாம், பல்கலைக்கழக முற்றத்தில் எல்லாரும் கூடிப் போட்டோம். முந்தின நாளே உப்பு நீரில் ஊறவைத்த கோசு, ஒவ்வொரு இலைக்கும் நடுவில் மிளகாய் விழுது தடவ வேண்டும். ஊறுகாய் போடுகிற ஊர்க்காரியிடம் வேலை காட்டுகிறார்களா? என் வரிசைதான் முதலில் முடிந்தது.

இதில் ஒரு வழக்கம். போட்ட கையோடு ஒரு இலையைச் சுருட்டி, பக்கத்தில் இருப்பவர் வாயில் ஊட்டிவிட வேண்டும். எனக்குப் பக்கத்தில் யார்? ஓயுனாதான். அவள் இலையைச் சுருட்டி என் முன்னால் நீட்டிக்கொண்டே நின்றாள். விழுது அவள் முழங்கை வரை வழிகிறது. எவ்வளவு நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருப்பது? திறந்தேன்.

"ஒன்னி" என்றாள். "எனக்குப் பயமா இருக்கு. நீங்க கோவமா அடிச்சா எனக்குப் பாட வரல. அன்னைக்கு ஒரு நாள் நீங்க மறந்துபோய்ச் சிரிச்சுக்கிட்டே அடிச்சீங்க, அன்னைக்கு மட்டும்தான் நல்லாப் பாடினேன்."

வாய் நிறைய கோசு. கண்ணில் தண்ணீர். காரம்தான். நானும் ஒரு இலையைச் சுருட்டி, வேண்டும் என்றே பெரிசாக, அவள் வாயில் திணித்தேன். அவளுக்கும் கண்ணில் தண்ணீர்.

டிசம்பர் 1

ஒத்திகை. பெக் சார் கையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

பாட்டு பரவாயில்லை. நடுநடுவே மேளக்காரி விட வேண்டிய என் குரல்தான் எடுபடவில்லை. "ஒல்சிகூ" என்று சரியான இடத்தில் சொன்னேன், பாடப் புத்தகத்தை வாசிக்கிற மாதிரி. போரம் டீச்சர் குறுக்கே வந்து, "முப்பி, நீங்க மனப்பாடம் ஒப்பிக்கிறீங்க. உங்க ஊர்ல ஒருத்தி மழையை இப்படித் திட்டிக்கிட்டு நின்னா நீங்க என்ன சொல்வீங்க?" என்று கேட்டாள்.

"அப்பிடிச் சொல்லுட்டி எம் மவளேன்னு சொல்வேன்."

"அதைச் சொல்லுங்க."

"தமிழிலா?"

"வயித்துல இருந்து வருமில்லையா? அப்புறம் என்ன மொழியா இருந்தா என்ன?"

எனக்கு பெக் சார் முன்னால் வெட்கமாகப் போய்விட்டது. கொஞ்சமாகச் சொன்னேன். பெக் சார் ஏதோ குறித்துக்கொண்டார். போகும்போது "இதை விழாவில வச்சுக்கோங்க" என்று மட்டும் சொன்னார். நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை. எங்களை நம்பி அவரும் தன் பெயரைப் பணயம் வைக்கிறார் என்று நினைக்கிறேன்.

விடுதியில் அறை அறையாகப் போய்ச் சொல்லிவிட்டேன். விழாவில் எல்லாரும் கத்த வேண்டும். "கண்டிப்பா" என்றார்கள்.

டிசம்பர் 6

காலை. ஓயுனா என் தலைமுடியைப் பின்னிவிட்டாள். நேரலையாகக் காட்டுவார்களாம், அம்மாவுக்கு இணைப்பு அனுப்பிவிட்டேன்.

டிசம்பர் 7

ஜெயித்துவிட்டோம்! முதலில் அதை எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன். ஜெயித்துவிட்டோம், ஜெயித்துவிட்டோம்!

அரங்கம் நிறைய ஊர் ஜனம். எங்கள் முறை வந்தது. நிகழ்ச்சித் தொகுப்பாளர் வந்து, "அன்பர்கள் கைப்பேசியை அணைத்து, நிகழ்ச்சி முடியும்வரை முழு அமைதி காக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்றாரே பார்க்கணும்! படுபாவி! கீழே இருந்த எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் உடனே கையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்கள். மேடையில் இருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. மறுபடியும் அதே சிலைகள்.

நான் மேளத்தோடு உட்கார்ந்தேன். ஓயுனா விசிறியோடு பாயில் நின்றாள். தொடங்கினோம். உப்புக்காரி மூட்டையைத் தலையில் வைத்தாள், மலை ஏறினாள். அரங்கம் கப்சிப். ஓயுனாவின் தோள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்குவதைப் பார்த்தேன். முதல் துளி விழுகிற இடம் வந்தது.

வரி வரவில்லை. அவள் வாய் திறந்தபடி இருக்கிறது. திரை மறைவில் போரம் டீச்சர் முகத்தை மூடிக்கொண்டாள். நான் நிறுத்தாமல் சுற்றை அடித்துக்கொண்டே இருந்தேன், ஒரு சுற்று, இன்னொரு சுற்று. கொரியனில் ஒரு வார்த்தை ஞாபகம் வரவில்லை. ஒல்சிகூவும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தப் பழைய சத்தம், அக்டோபரில் நான் விழுங்கிய அதே சத்தம், வயிற்றில் இருந்து கிளம்பி மேலே வந்தது. இந்தத் தடவை கடிப்பதற்குத் துப்பட்டா இல்லை. ஒன்பதாவது அடியை ணங்கென்று போட்டேன்.

"ஏட்டீ! வுடாதட்டீ! அந்த மழைய ஒரு கை பாருட்டீ!"

முன்வரிசை தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தது. எங்கேயோ ஒரு குழந்தை வீறிட்டது. ஓயுனா திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் அவள் இடது கை விரல் மடங்கியது.

பாடினாள்! மழையைப் பார்த்து விசிறியை நீட்டி, "ஏய் வானமே, உனக்குக் கண் இல்லையா" என்று எடுத்தாள் பாருங்கள். மூச்சு விடும் சத்தம் கேட்காத பெண்ணா இவள்? நடுவரிசையில் இருந்து மஞ்சள் கோட்டு போட்ட ஒரு அம்மா எழுந்து "ஒல்சிகூ!" என்றாள். அதற்கென்றே இத்தனை நேரம் காத்திருந்த மாதிரி. அப்புறம் இந்தப் பக்கம் ஒரு "ஜால்ஹன்தா!" அந்தப் பக்கம் ஒன்று. எங்கள் சிலைகளுக்கு உயிர் வந்தது. உஸ்பெக்காரன் அவன் பாஷையில் கத்துகிறான், பிரேசில்காரி விசில் அடிக்கிறாள், கென்யாக்காரப் பெண் நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள், அடடா, அது புளியங்குடிக் கொடையிலேயே எடுபடும்! ஓயுனா ஒவ்வொரு குரலாகப் பிடித்து மேலே மேலே போனாள். நான் அவள் மூச்சை மட்டும் பார்த்தேன். ஒரு அடி தப்பவில்லை.

கதையின் முடிவுக்கு வந்தோம். கரைந்த உப்பு மழைத் தண்ணீரோடு தெருத் தெருவாக ஓடி, ஊரார் முற்றத்தில் குவித்து வைத்திருந்த கோசை எல்லாம் ஊறவைத்துவிடுகிறது. ஊர் முழுக்க ஒரே நாளில் கிம்ச்சி! ஆளுக்கொரு பானையைத் தூக்கிக்கொண்டு உப்புக்காரி வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். கடைசி அடி விழுந்ததும் கடைசி வரிசையில், கதவோரமாக நின்றிருந்த ஒருவர் இரண்டு கையையும் வாயருகே குவித்து "ஜால்ஹன்தா!" என்று கத்தினார். மேல் பொத்தான் கழன்றிருந்தது. பெக் சார்!

கைதட்டல் ஓயவே இல்லை. ஓயுனா சபைக்கு வணங்குவாள் என்று பார்த்தால், அவள் முதலில் என் பக்கம் திரும்பி, தரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தாள். அது இங்கே வழக்கமாம், நல்ல பாடகி மேளத்துக்குத்தான் முதலில் வணங்குவாளாம். எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழாமல் இருந்திருப்பேன். ஆமாம், அழுதேன். எழுதுவதற்கு என்ன?

போரம் டீச்சர் ஓடிவந்து எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். பெக் சார் மேடைக்கு வந்து, அடுத்த வருடமும் பான்சொரி வகுப்பு உண்டு, போரம் டீச்சர்தான் எடுப்பார் என்று ஒலிபெருக்கியிலேயே அறிவித்துவிட்டார். பிறகு என்னிடம் வந்து, "முப்பி, புதுப் பிள்ளைகளுக்கு மரியாதை வகுப்பு எடுப்பேனே, அதில் நீங்களும் வந்து ஒரு பாடம் எடுக்கணும்" என்றார்.

"என்ன பாடம் சார்?"

"எப்போ கத்தணும்னு."

டிசம்பர் 8

அம்மா காலையிலேயே கூப்பிட்டாள். நான் பழக்க தோஷத்தில் போர்வைக்குள் போய்விட்டேன்.

"பாத்தியாம்மா?" என்றேன், குசுகுசுவென்று.

"பாத்தேன். தெருவே நம்ம வீட்லதான் உக்காந்து பாத்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு..." என்று இழுத்தாள். தவளை வரப் போகிறது என்று தயாராக இருந்தேன்.

"என்னம்மா, சொல்லு."

"நீ என்னமோ சொன்னியே, 'ஏட்டீ வுடாதட்டீ'ன்னு. அது பின்னால உக்காந்திருந்தவங்களுக்குச் சரியாக் கேக்கலட்டி. இன்னும் கொஞ்சம் சத்தமாப் போட்டிருக்கலாம்லா?"

நான் போர்வையைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். ஓயுனா விழித்துக்கொண்டு என்ன ஆச்சு என்று பார்க்கிறாள்.

"என்னம்மா சொன்ன? கேக்கல."

"சத்தமாப் போட்டிருக்கலாம்னேன்."

"கேக்கலம்மா! சத்தமாச் சொல்லு!"

"சத்தமாப் போட்டிருக்கலாம்ட்டீ!" என்று அம்மா புளியங்குடியே அதிரக் கத்தினாள். "என்னக்கா ஆச்சு?" என்று பக்கத்து வீட்டு வேலாத்தா ஓடிவருகிற சத்தம் இங்கே ஜொன்ஜுவில் கேட்டது.